கடலுக்கு ஒரு ஜோடி ஷூ

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பொங்கல் கழிந்த சில வாரங்களில், தாமிரபரணி கடலில் சேருகிற முகத்துவாரத்தில் நடந்தது இது. திருநெல்வேலியில் நாங்கள் பார்க்கிற ஆறு வேறு. அங்கே பார்க்கிற ஆறு வேறு. அங்கே அது அகலமாக விரிந்து, வேகமெல்லாம் அடங்கி, உப்புத் தண்ணீரோடு கலந்து சோம்பலாகக் கிடக்கும். அந்தக் கரையில்தான் என் மைனி பிறந்த கிராமம். மைனி என்றால் என் அண்ணன் மனைவி.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறேன். அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. ஊருக்கெல்லாம் சர்க்கரை அளவு பார்த்துச் சொல்கிற எனக்கே அது வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. மாத்திரையும் நடையுமாகச் சமாளித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். "தொடும்போது சொல்லுங்க" என்றார். நான் காத்துக்கொண்டே இருந்தேன். அவர் தொட்டு முடித்துவிட்டார் என்று கண்ணைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று உத்தரவு. காலில் வலியும் இல்லை, எரிச்சலும் இல்லை. மெத்தைமேல் நடப்பது போல இருக்கும், அவ்வளவுதான். ஆனால் வீட்டில் எல்லோரும் என்னைக் கண்ணாடிப் பாத்திரம் போல நடத்தத் தொடங்கிவிட்டார்கள். ஆற்றில் குளிக்கப் போகாதே, குற்றாலம் வேண்டாம், தோட்டத்தில் இறங்காதே. தினமும் யாராவது ஒருவர் எனக்கு ஒரு "வேண்டாம்" கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மைனியோடு அவர் ஊருக்கு ஒரு விசேஷத்துக்குப் போனேன். மத்தியானம் கரைக்கு வந்தபோது முகத்துவாரத்தில் இரண்டு சின்னப் பாய்மரப் படகுகள் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சனி, ஞாயிறுகளில் அங்கே பயிற்சி கொடுக்கிறாராம். எல்லோரும் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். படகில் இருந்தவர்கள் நடக்கவில்லை, ஓடவில்லை, காற்றை மட்டும் பிடித்துக்கொண்டு எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு இது வேண்டும் என்று அந்த நிமிடமே தோன்றிவிட்டது.

"மைனி, நாம ரெண்டு பேரும் சேருவோமா?" என்றேன்.

அவருக்கு ஐம்பது வயது. எங்கள் வீட்டுக்கு வாழ வந்த பிறகு கடலில் இறங்கியதே இல்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏளா, நெசமாத்தான் சொல்லுதியா? ஒங்க அண்ணன் நம்மள வீட்டுக்குள்ள சேக்க மாட்டாவ" என்றார். ஆனால் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. பயிற்சியில் சேர்ந்த பிறகுதான் அண்ணனிடம் சொன்னோம்.

முதல் நாளே சிக்கல். மாஸ்டர் எல்லோரையும் செருப்பைக் கரையில் விடச் சொன்னார். "படகுல வெறுங்கால்தான் பிடிக்கும்" என்றார். என் கால் நிலைமையைச் சொன்னேன். அவர் யோசித்தார். "அப்பிடின்னா கரையில இருந்து பாருங்க மேடம். ஈரப் படகுல சாதாரண ஷூ போட்டா வழுக்கி விட்டுரும். எனக்கு ரிஸ்க் வேண்டாம்" என்றார்.

இன்னொரு "வேண்டாம்". ஆனால் இதை நான் வாங்கிக்கொள்வதாக இல்லை. "எப்படிப்பட்ட ஷூன்னா நீங்க சம்மதிப்பீங்க? அதச் சொல்லுங்க. அடுத்த வாரம் போட்டுட்டு வாரேன். சரியில்லன்னு நீங்க காமிச்சுட்டா நான் கரையிலயே இருந்துக்கிடுதேன்" என்றேன்.

அவருக்கு அந்தப் பேச்சு பிடித்திருக்க வேண்டும். சொன்னார். படகின் ஈரமான ஃபைபர் தளத்தில் வழுக்கக் கூடாது. தண்ணீரைக் குடித்துக் கனக்கக் கூடாது. தண்ணீரில் விழுந்தால் கழன்று போகக் கூடாது. கயிறு மாட்டுகிற மாதிரி கொக்கியோ தொங்கும் லேஸோ இருக்கக் கூடாது. கடைசியாக, அவருடைய வெள்ளைப் படகில் கருப்புக் கோடு விழக் கூடாது. இதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் மிகவும் கண்டிப்பாக இருந்தது.

என் பங்குக்கு நானும் சில நிபந்தனைகளைச் சேர்த்துக்கொண்டேன். விரல்கள் மூடியிருக்க வேண்டும். உள்ளே தடித்த தையல் இருக்கக் கூடாது. இறுக்கவும் கூடாது, ஈரத்தில் பாதம் உள்ளே நகர்ந்து உரசவும் கூடாது.

திங்கட்கிழமை சாயங்காலம் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு பெரிய செருப்புக் கடைக்குப் போனேன். சாயங்காலம் போனதற்குக் காரணம் உண்டு. காலையில் வாங்கும் செருப்பு, சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கிய பிறகு இறுக்கிப் பிடிக்கும். வலி தெரிகிறவர்களுக்கு அது வெறும் எரிச்சல். எனக்கு அது புண்.

"அண்ணாச்சி, பாய்மரப் படகுல போட ஒரு ஷூ வேணும்" என்றேன் விற்பனையாளரிடம்.

"எதுல போட, யக்கா?"

"படகுல. கடல்ல."

அவர் ஒரு நொடி திகைத்துவிட்டு, இருப்பதிலேயே விலை கூடிய ஓட்டப் பந்தய ஷூவை எடுத்து வந்தார். அழகாக இருந்தது. ஆனால் அடியில் முழுக்கப் பஞ்சு மாதிரி. தண்ணீரில் முக்கினால் ஒவ்வொன்றும் ஒரு கிலோ கூடும். மலையேறுகிற ஷூ ஒன்று கொண்டுவந்தார். அதன் அடியில் ட்ராக்டர் டயர் மாதிரி பெரிய பெரிய பற்கள். பார்த்தால் எதையும் கவ்வும் போலத்தான் இருந்தது. எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"அண்ணாச்சி, வாசல்ல டைல்ஸ் போட்டிருக்கீங்கள்ல, அங்கன ஒரு குடம் தண்ணி ஊத்துவோமா?"

"தண்ணியா?"

"ஆமா. போட்டு நடந்து பாத்தாத்தான தெரியும்."

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கல்லாவில் இருந்தபடியே சிரித்துக்கொண்டு தலையாட்டினார். வழவழப்பான வாசல் டைல்ஸில் தண்ணீர் ஊற்றினார்கள். விற்பனையாளரின் தோளைப் பிடித்துக்கொண்டு மலையேறுகிற ஷூவில் ஒரு அடி வைத்தேன். சர்ரென்று போனது. அந்தப் பெரிய பற்கள் மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்கத்தான் லாயக்கு. வழவழப்பான ஈரத்தில் அவற்றின் நுனி மட்டும்தான் தரையைத் தொடும். அடுத்து, குதிகால் பக்கம் திறந்த ரப்பர் கிளாக்ஸ். அது வழுக்கவில்லை, ஆனால் நான் காலைத் தூக்கியதும் தானாகக் கழன்று டைல்ஸில் உட்கார்ந்துகொண்டது. வேடிக்கை பார்க்க நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவர், "யக்கா, அந்த நீலத்தப் போட்டுப் பாருங்க" என்று யோசனைகூடச் சொன்னார்.

நீலம்தான் கடைசியில் ஜெயித்தது. தட்டையான, மிருதுவான ரப்பர் அடி. அதில் பிளேடால் கீறியது போல நெருக்கமாக, வளைந்து வளைந்து மெல்லிய கீறல்கள். கையால் மடக்கினால் அந்தக் கீறல்கள் வாய் திறந்தன. தண்ணீர் அவற்றுக்குள் ஒதுங்க, ரப்பர் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. மேலே வலைத்துணி, பக்கவாட்டில் தண்ணீர் வெளியேறச் சின்ன ஓட்டைகள், லேஸுக்குப் பதில் இழுத்து ஒட்டிக்கொள்ளும் பட்டை. அடி வெள்ளை நிறம். வெள்ளைக் காகிதத்தில் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன், கோடு விழவில்லை.

என் காலால் ஷூவின் உள்ளே இருப்பதை அறிய முடியாது. அதனால் கையை உள்ளே விட்டுத் தையல் தையலாகத் தடவிப் பார்த்தேன். போட்டுக்கொண்டு எழுந்து நின்று, பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று விற்பனையாளரை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அதை வாளித் தண்ணீரில் முக்கி, ஈரத்தோடு மொட்டை மாடியில் நெடுநேரம் நடந்தேன். கழற்றி, முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்த்தேன். எங்கேயும் சிவக்கவில்லை. அன்று எனக்கு இருந்த பெருமிதம் கொஞ்சநஞ்சமல்ல.

சனிக்கிழமை மாஸ்டர் ஷூவை வாங்கி மடக்கினார், முகர்ந்துகூடப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு சாய்த்து வைத்திருந்த படகின் மேல் தண்ணீரை வீசிவிட்டு, "ஏறி நில்லுங்க" என்றார். நின்றேன். "சரி, வாங்க" என்றார். அவ்வளவுதான் பாராட்டு.

மைனிக்குத்தான் இதெல்லாம் சிரிப்பு. "கடலுக்குச் செருப்பு போட்டுப் போன மொத ஆளு நீதான்" என்று கேலி செய்தார். அவர் வெறுங்காலோடுதான் ஏறுவார். அவர் பிறந்த மண்ணாயிற்றே.

சில வாரங்களில் கற்றுக்கொண்டோம். நான் பின்னால் உட்கார்ந்து சுக்கானையும் பெரிய பாயின் கயிற்றையும் பிடிப்பேன். மைனி முன்னால் சின்னப் பாயைப் பார்த்துக்கொள்வார். என் கால் சொல்லாததை என் கண் சொல்லிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் குனிந்து, பாதம் எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் வைப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதல் சுற்று முடித்து, ஒரு மணல் திட்டில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி ஏறினோம். வெயில் ஏறியதும் கடல்காற்று திடீரென்று பலத்தது. எங்களுக்கு முன்னால் போன இன்னொரு படகு கவிழ்ந்துவிட்டது. அதில் இரண்டு கல்லூரி மாணவர்கள். மோட்டார் படகில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டர், எங்களைக் கரைப் பக்கம் திரும்பச் சொல்லிக் கை காட்டிவிட்டு அவர்களிடம் விரைந்தார்.

திரும்பினோம். பாய் பக்கம் மாறும்போது மைனியும் பக்கம் மாற வேண்டும். அவர் எழுந்து குறுக்கே கால் வைத்த நேரத்தில் ஒரு காற்று ஓங்கி அடித்தது. படகு சாய்ந்தது. ஈர ஃபைபரில் அவருடைய வெறுங்கால் சோப்பு மாதிரி வழுக்கிப் போனதை நான் பார்த்தேன். விரல் ஒரு இரும்புக் கொண்டியில் மோதியது. "மாதாவே!" என்ற சத்தத்தோடு தாழ்ந்த பக்கமாகத் தண்ணீருக்குள் போய்விட்டார்.

லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார். ஆனால் சின்னப் பாயின் கயிறு கணுக்காலில் சுற்றியிருந்தது. படகு அவரை இழுத்துக்கொண்டு போனது. அவர் முகம் ஒரு முறை மேலே வந்தது, மறுபடி முங்கியது.

அப்போது எனக்குப் பயமே வரவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பயம் பிறகு வந்தது, கரையில். அந்த நேரத்தில் மாஸ்டர் சொல்லிக் கொடுத்தது வரிசையாக வந்தது. பெரிய பாயின் கயிற்றைக் கையிலிருந்து விட்டேன். சுக்கானைத் தள்ளிப் படகைக் காற்றுக்கு நேராகத் திருப்பினேன். பாய்கள் படபடவென்று அடித்துக்கொள்ள, படகு வேகம் இழந்தது. ஆனால் சின்னப் பாயின் கயிற்றை, அதைக் கவ்விப் பிடித்திருக்கும் பூட்டிலிருந்து விடுவிக்க முன்பக்கம் போக வேண்டும். படகு பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது.

எழுந்து நின்றேன். பாதங்களில் ஒன்றுமே தெரியவில்லை. படகில் நிற்கிறேனா அந்தரத்தில் நிற்கிறேனா என்றுகூடத் தெரியாது. குனிந்து பார்த்தேன். இரண்டு நீல ஷூக்களும் ஈரத்தில் அறைந்து வைத்த மாதிரி இருந்தன. பார்த்தேன், நம்பினேன், அடுத்த அடியை வைத்தேன். மறுபடி பார்த்தேன். கயிற்றைப் பூட்டிலிருந்து பிடுங்கி விட்டேன். அது சர்ரென்று தளர்ந்து ஓடியது. மைனி காலை உதறிக்கொண்டு நிமிர்ந்தார், இருமினார்.

"மைனி, பின்பக்கம் வாங்க! பைய, ஓரத்தப் புடிச்சுக்கிட்டே பின்பக்கம் வாங்க!"

பக்கவாட்டில் தூக்கினால் படகு கவிழ்ந்துவிடும். அவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்தார். நானும் பின்பக்கம் திரும்பி, பின்பலகையில் இரண்டு பாதங்களையும் உதைத்து ஊன்றிக்கொண்டு, அவர் ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்தேன். மைனி என்னைவிடக் கனம். முதலில் இழுத்தபோது பாதி வந்து திரும்பப் போய்விட்டார்.

"என்னால முடியலளா."

"முடியும். நான் உங்களத் தண்ணிக்குள்ள ஒரு முக்கு முக்குதேன், மேல வரும்போது ஒதச்சு எம்பணும். சரியா?"

"முக்கப் போறியா!" என்று அந்த நிலையிலும் ஒரு கோபம். அந்தக் கோபம்தான் எனக்குத் தெம்பு கொடுத்தது. முக்கினேன். ஜாக்கெட் அவரை மேலே தள்ளியது, அவர் உதைத்தார், நான் முழு உடம்பையும் பின்னால் சாய்த்து இழுத்தேன். கால் ஒரு விரற்கடைகூட நழுவவில்லை. நழுவியிருந்தால் நானும் போயிருப்பேன். மீன் விழுவது போல மைனி என் மடியில் வந்து விழுந்தார். இரண்டு பேரும் சிரித்தோமா அழுதோமா என்று இப்போதும் தெரியவில்லை.

மாணவர்களைப் பத்திரமாக மீட்டுவிட்டு மாஸ்டர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எங்கள் படகைக் கட்டி இழுத்துக் கரைக்குக் கொண்டுபோனார். கரையில் இறங்கும்போது எனக்குக் கை கொடுத்துவிட்டு, ஒருமுறை என் ஷூவைப் பார்த்தார்.

மைனியின் விரல் நன்றாகக் கிழிந்திருந்தது. ஊர் ஆட்கள் பக்கத்துத் தெருவில் குடியிருந்த ஒரு நர்ஸைக் கூட்டி வந்தார்கள். அவர் ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தாராம். கலைந்த கொண்டையோடு வந்தார். முப்பது வயது இருக்கும். மணலிலேயே உட்கார்ந்து மைனியின் காலைக் கழுவிக் கட்டுப் போட்டார். சுற்றிலும் கூட்டம். நான் நடந்ததை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஷூவைப் பற்றி, கடை வாசலில் தண்ணீர் ஊற்றியதைப் பற்றி, எப்படி இழுத்தேன் என்பதைப் பற்றி. உண்மையைச் சொன்னால், நிறுத்த மனசு வரவில்லை.

நர்ஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அக்கா, நீங்களும் ஷூவக் கழட்டுங்க" என்றார்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா."

"கழட்டுங்க, ஒரு தடவ பாத்துருவோம்."

"ஒண்ணும் வலிக்கலம்மா. சுகர் உண்டு, அதனால நான் எப்பவும் ரொம்பக் கவனமா..."

அவர் என்னை முடிக்க விடவில்லை. "வலிக்கலன்னு சொல்லுதவங்க காலத்தான்க்கா நான் மொதல்ல பாப்பேன்" என்றார். சொல்லிக்கொண்டே என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். முன்பின் தெரியாத ஒருவர் மடியில் என் கால். கூச்சத்தில் இழுக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை.

வலது ஷூவைக் கழற்றியதும் உள்ளிருந்து வழிந்த தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது.

மணல் திட்டில் இறங்கியபோது, பக்கவாட்டு ஓட்டை வழியாக உடைந்த சிப்பித் துண்டு ஒன்று உள்ளே போயிருக்கிறது. பின்பலகையில் நான் காலை ஊன்றி இழுத்த ஒவ்வொரு முறையும் அது பெருவிரலுக்குக் கீழே சதைக்குள் இறங்கியிருக்கிறது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. காலையில் கையை விட்டுப் பார்த்துத்தான் போட்டேன். ஆனால் திட்டில் இருந்து திரும்ப ஏறும்போது பார்க்கவில்லை. அன்று அவர் கேட்டிருக்காவிட்டால், அதே வெற்றிக் களிப்போடு ஈர ஷூவிலேயே பஸ் ஏறி, அதே காலோடு பாளையங்கோட்டை வரைக்கும் வந்திருப்பேன். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதை என் பரிசோதனை நிலையத்துக்கு வருகிறவர்களின் கால்களில் நான் பார்த்திருக்கிறேன்.

அவர் சின்ன இடுக்கியால் அதைப் பைய எடுத்து, கழுவி, கட்டிவிட்டு, "இன்னைக்கே ஒங்க டாக்டரப் பாத்துருங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க" என்றார். பிறகு மைனியைப் பார்த்து, "அடுத்த தடவ நீங்களும் ஒரு ஷூ வாங்கிருங்க" என்று சிரித்துக்கொண்டே எழுந்து, விட்ட தூக்கத்தைத் தூங்கப் போய்விட்டார். நன்றியைக்கூட முழுதாகச் சொல்ல விடவில்லை.

புண் ஆழமானதுதான். ஆனால் சீழ் வைக்கவில்லை. ஆறுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த மாதம் முழுக்க அண்ணன் பேச வாயெடுக்கும்போதெல்லாம் மைனி ஒரு பார்வை பார்ப்பார். ஆறியதும் நாங்கள் இருவரும் மறுபடி முகத்துவாரத்துக்குப் போனோம். ஓட்டைகளுக்குக் கெட்டியான வலை வைத்துத் தைத்த வேறொரு ஜோடி வாங்கியிருந்தேன். மைனி வாங்கியது சிவப்பு. இப்போது மாஸ்டர் புதிதாகச் சேருகிறவர்களிடம் வெறுங்கால் என்று சொல்வதில்லை. ஷூவை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டுக்கொள்ள என்னிடம் அனுப்புகிறார். நானும் சளைக்காமல் சொல்கிறேன், தண்ணீர் ஊற்றிக் காட்டவும் செய்கிறேன்.

போன மாதம் எங்கள் படகு முதன்முறையாக முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போய்த் திரும்பியது. கரையேறியதும் மணலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். மைனி காலை நீட்டினார், நான் பார்த்தேன். நான் நீட்டினேன், அவர் பார்த்தார். என் காலில் ஊன்றி நிற்க எனக்குத் தெரியும், அந்தத் தைரியம் இன்றும் குறையவில்லை. ஆனால் நம் உள்ளங்காலை நம்மைவிட நன்றாகப் பார்க்கக்கூடியவர் எதிரே இருப்பவர்தான் என்பதையும், அவர் கேட்கும்போது கூச்சப்படாமல் காலை நீட்டுவதும் தைரியத்தில் சேர்ந்ததுதான் என்பதையும், பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளாத அந்த நர்ஸ் எனக்குச் சொல்லிவிட்டுப் போனதாகவே நினைக்கிறேன்.